பாலைவனச் சீமைக்குப் பயணமா? முதலில் வட்டிக் கணக்கைப் பாருங்கள்!

திருநகர் பஸ் ஸ்டாப் அருகே ஒரு டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருக்கிறது. ‘வளைகுடா நாடுகளுக்கு உடனே ஆட்கள் தேவை. கட்டிட வேலை, கிளீனிங், டிரைவர். தங்குமிடம், சாப்பாடு இலவசம். படிப்பு தேவையில்லை.’ கீழே ஒரு செல்போன் நம்பர். கம்பெனியின் பெயர் இல்லை. ஏஜெண்டின் லைசென்ஸ் நம்பர் இல்லை. சம்பளம் எவ்வளவு என்ற விவரமும் இல்லை.

அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்த ஒரு மில் தொழிலாளி என்னிடம் கேட்டார்: “அண்ணே, போகலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்க.” அவருக்கு வயது 27. ஆறு வருஷமாக ஸ்பின்னிங்கில் வேலை. இன்னும் காண்ட்ராக்ட் ஆள்தான். தகப்பனார் திருமங்கலத்துக்கு அப்பால் விவசாயக் கூலி. ஏஜெண்டு கேட்கும் தொகை 1,20,000 ரூபாய். ‘துபாயோ, கத்தாரோ, எது முதலில் கிடைக்கிறதோ அது’ என்று ஏஜெண்டு சொல்லியிருக்கிறான். பஸ்ஸில் இடம் பிடிப்பது போல!

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதே கேள்வி இன்று ஹார்விபட்டியிலும் கேட்கிறது, மேலூரிலும் கேட்கிறது, உசிலம்பட்டியிலும் கேட்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘சங்கத்துக்காரர்கள் எதற்கும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்’ என்று ஏஜெண்டு சொல்லி வைத்திருப்பான். நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. கடல் தாண்டிப் போய்ப் பிழைப்பது பாட்டாளி மக்களுக்குப் புதிதும் அல்ல, குற்றமும் அல்ல. 2015ஆம் வருஷம் எடுத்த தமிழ்நாடு குடிபெயர்வுக் கணக்கெடுப்பின்படி வெளிநாடுகளில் இருந்த தமிழ்நாட்டார் சுமார் 22 லட்சம் பேர். வளைகுடா நாடுகளில் மட்டும் இந்தியர் சுமார் 90 லட்சம் பேர் இருக்கிறார்கள். இத்தனை பேரும் ஏமாந்தவர்கள் என்று சொன்னால் அது அவர்களை அவமதிப்பதாகும். வெல்டரும், எலக்ட்ரீஷியனும், ஏ.சி. மெக்கானிக்கும் கையில் தொழிலோடு போய், தங்கையைக் கட்டிக் கொடுத்து, ஓட்டுவீட்டை மச்சுவீடாக்கிய கதைகள் நம் தெருக்களிலேயே உண்டு. அவை பொய்யல்ல.

ஏன் போகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. ஒரு காலத்தில் மதுரை மில்கள்தான் கிராமத்து ஆட்களை இழுத்தன. ஹார்வி மில் தன் தொழிலாளிகளுக்கென்று கட்டிய குடியிருப்புதான் ஹார்விபட்டி. மில் சங்கு ஊதுவதை வைத்து ஊரே நேரம் பார்த்தது. நிரந்தர வேலை, பி.எப்., போனஸ், கேன்டீன் என்று ஒவ்வொன்றையும் போராடி வாங்கினார்கள் நம் மூத்த தொழிலாளிகள். இன்று அதே தொழிலில் பையன்கள் காண்ட்ராக்டில் உள்ளே போய், காண்ட்ராக்டிலேயே வெளியே வருகிறார்கள். கிராமத்திலோ அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது. கால்வாயின் கடைமடைக்குத் தண்ணீர் வந்தால் நடவு, வராவிட்டால் கட்டிட வேலைக்குப் பஸ் ஏற வேண்டும். இப்படி இருக்கையில் ‘உள்ளூரிலேயே இரு’ என்று உபதேசம் செய்வது எளிது. உபதேசம் அடுப்பில் உலை வைக்காது.

ஆகவே போவது தப்பா என்பது கேள்வி அல்ல. எப்படிப் போகிறோம்? யார் பணத்தில் போகிறோம்? போன பிறகு ‘முடியாது’ என்று சொல்லும் நிலையில் இருப்போமா? இவைதான் கேள்விகள்.

ஜனங்கள் முதலில் பயப்படுவது வெயிலுக்கு. அதிலும் நம்மவர்கள் மார்தட்டுவதுண்டு: “மதுரை வெயில் பார்க்காத வெயிலா?” நியாயமான பேச்சுதான். சித்திரையில் கல் உடைத்தவனுக்கும் களத்தில் நெல் தூற்றியவனுக்கும் வெயிலைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் அங்குள்ள வெயில் இரண்டு விதம். குவைத் பக்கம் காய்ந்த நெருப்பு. 2016 ஜூலை 21 அன்று குவைத்தின் மித்ரிபா என்ற இடத்தில் 53.9 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. துபாய், தோஹா போன்ற கடலோர நகரங்களில் ஆகஸ்ட் மாதம் வேறு விதம். வெயிலோடு கடல் ஈரமும் சேர்ந்துகொள்ளும்.

இந்த இரண்டாவது விதத்தை மில் தொழிலாளிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நூல் அறாமல் இருக்க ஸ்பின்னிங் கட்டிடத்தில் காற்றில் ஈரத்தை ஏற்றி வைக்கிறார்களே, அங்கே எட்டு மணி நேரம் நின்றவனுக்குத் தெரியும். வியர்வை ஊற்றும், உலராது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். உலராத வியர்வை வெறும் தண்ணீர் நஷ்டம். அந்தக் கட்டிடத்தின் கூரையைப் பிய்த்து எறிந்துவிட்டு, மேலே சூரியனை வைத்து, கையில் இரும்புக் கம்பிக் கட்டைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் ஆகஸ்ட் மாதத்து தோஹா.

இதிலும் வெயிலைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நம் வயலில் கூலியாள் விடியலில் இறங்குகிறான். வெயில் ஏறினால் கரையேறி மர நிழலில் உட்காருகிறான். மேஸ்திரி முறைப்பான், அவ்வளவுதான். அங்கே நிழலில் உட்காரும் நேரத்தைத் தீர்மானிப்பது யார்? சட்டம் ஏதோ கொஞ்சம் தீர்மானிக்கிறது. அதை மறைக்கக் கூடாது. எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. கத்தாரில் 2021 முதல் ஜூன் 1இலிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 மணி தொடங்கி பிற்பகல் 3.30 வரை தடை. அதோடு, வெப்பம், ஈரம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் கருவி 32.1 டிகிரி காட்டினால், எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்றும் விதி. காகிதத்தில் பார்த்தால் இது நல்ல விதி. நம் நாட்டுக் கட்டிட முதலாளிகளுக்கு இதை ஒரு பிரதி எடுத்து அனுப்பலாம்.

ஆனால் இந்த விதி எத்தனை உயிர்களுக்குப் பிறகு வந்தது? கத்தாரில் வேலை செய்த நேபாளத் தொழிலாளிகளின் மரணங்களை ஆராய்ந்து 2019இல் மருத்துவ விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2009 முதல் 2017 வரை இருதயக் கோளாறு என்று எழுதப்பட்ட மரணங்கள் 571. வெயிலிலிருந்து தக்க பாதுகாப்பு கொடுத்திருந்தால் அவற்றில் 200 வரை தடுத்திருக்கலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. செத்தவர்களில் பலர் இளைஞர்கள். ஊரில் வைத்தியப் பரிசோதனையில் தேறித்தான் விமானம் ஏறியவர்கள். ‘இயற்கை மரணம்’ என்று சர்டிபிகேட்டில் எழுதிவிட்டால் அது வேலைத்தலத்து விபத்து ஆகாது. விபத்து ஆகாவிட்டால் நஷ்டஈடு கேட்க இடமில்லை. அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை வலிமை பாருங்கள்!

விதி இருந்தால் போதாதா, மீறினால் புகார் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம். யார் செய்வான்? ஊரில் கடன் இல்லாதவன் செய்வான். இங்கேதான் அந்த 1,20,000 ரூபாய்க்கு வருகிறோம்.

தோழர்களே, கொஞ்சம் பொறுமையாக இந்தக் கணக்கைப் பாருங்கள். கத்தாரில் 2021 மார்ச் முதல் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மாதம் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி தராவிட்டால் அவற்றுக்கு 500ம் 300ம் தனி. நம் பையனுக்கு இடமும் சாப்பாடும் கிடைத்து, 1,000 ரியால் முழுசாகக் கையில் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். ரியால் 24 ரூபாய் என்றால் 24,000. சோப்பு, போன், துணிமணி, மருந்து, சில்லறைச் செலவுக்கு 6,000 எடுத்துக்கொண்டு 18,000 ஊருக்கு அனுப்புகிறான். அதில் 9,000 வீட்டுச் செலவு, 9,000 கடனுக்கு. கடன் நூற்றுக்கு மூன்று வட்டி. நம் பக்கத்தில் மூன்று வட்டிக்குக் கொடுப்பவனைத் தர்மவான் என்பார்கள்.

1,20,000 கடனுக்கு முதல் மாத வட்டி மட்டும் 3,600. மாதம் 9,000 வீதம் கட்டினால் முழுசும் தீர 17 மாதத்துக்கு மேல் ஆகும். ஒப்பந்தம் இரண்டு வருஷம். மிச்சம் ஏழு மாதத்துக்கும் குறைவு. இரண்டு வருஷம் பாலைவனத்தில் நின்றதற்குக் கையில் நிற்பது சுமார் 60,000 ரூபாய்.

இது எல்லாம் ஒழுங்காக நடந்தால். முதல் மூன்று மாதச் சம்பளத்தைக் கம்பெனி நிறுத்தி வைத்துவிட்டது, அது கடைசி வரை வரவில்லை என்று வையுங்கள். அந்த மூன்று மாதமும் வீட்டுச் செலவுக்கு அதே வட்டிக்கு மேலும் கடன். நாலாவது மாதம் பார்த்தால் கடன் ஏறக்குறைய 1,60,000 ஆகியிருக்கும். அதன் பிறகு ஒரு மாதம் தவறாமல் 9,000 கட்டினாலும், இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்து மதுரை விமான நிலையத்தில் இறங்கும்போது இன்னும் 39,000 ரூபாய் பாக்கி இருக்கும். போனபோது இருந்ததைவிட ஏழையாகத் திரும்புவான்! இதற்கு யாரும் அவனை அடிக்கவோ பூட்டவோ தேவையில்லை. மூன்று மாதச் சம்பளத் தாமதமும் மூன்று வட்டியும் போதும்.

இன்னொரு கணக்கு. 1983ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்ற ஏஜெண்டு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2017இல் அது 30,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. 18 சதவீத ஜி.எஸ்.டி. 5,400 சேர்த்தால் 35,400. இதையே அதே மூன்று வட்டிக்கு வாங்கிப் போனாலும் நாலு மாதம் சொச்சத்தில் கடன் தீர்ந்துவிடும். இரண்டு வருஷ முடிவில் கையில் 1,77,000 வரை நிற்கும்.

ஒரே பையன், ஒரே வேலை, ஒரே வெயில். ஒரு கணக்கில் மிச்சம் 60,000, இன்னொன்றில் 1,77,000. இடையே உள்ள 1,17,000 எங்கே போயிற்று? பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு அராபியர் கொள்ளையடித்துவிடவில்லை. நம் ஊர் ஏஜெண்டும் நம் ஊர் வட்டிக்காரரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். வளைகுடா முதலாளியைத் திட்டுவதற்கு முன்னால் நம் தெருக்கோடியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இந்த ஏற்பாடு புதியதும் அல்ல. மதுரைச் சீமையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் நம் பாட்டன்மார் சிலோன் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனபோது கங்காணி முன்பணம் கொடுத்தான். அந்தக் கடன் தோட்டத்தில் அவர்கள் பெயரில் ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு கடன், இதைக் கட்டினால் இவனை விடுகிறோம் என்று எழுதிய சீட்டு அது. துண்டு இல்லாத கூலிக்கு எந்தத் தோட்டமும் வேலை தராது. சிலோனில் இந்தத் துண்டு முறையை ஒழித்துச் சட்டம் வந்தது 1921இல். வளைகுடா நாடுகளில் இதற்கு அண்ணன்தம்பி முறையான ஒன்று உண்டு. கஃபாலா என்று பெயர். விசா கொடுத்த கபீல் சம்மதித்தால்தான் வேறு வேலைக்குப் போகலாம் என்ற ஏற்பாடு. பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும் என்ற நிபந்தனையை கத்தார் 2020இல்தான் எடுத்தது. சிலோன் துண்டு ஒழிந்து 99 வருஷம் கழித்து! சட்டத்தில் எடுத்துவிட்டார்கள், சரி. ஆனால் பாஸ்போர்ட் மேனேஜர் மேசைக்குள் இருந்தால், ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருந்தால், சம்மதக் கடிதம் தேவையில்லை என்ற சட்டத்தால் என்ன லாபம்? பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது அந்த நாடுகளின் சட்டப்படியே குற்றம். அதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்?

இன்னொரு விஷயம். ‘துபாயில் போய் செட்டில் ஆகிவிடலாம்’ என்று பேசுகிறார்கள். குடியேறுவது என்றால் குடும்பத்தோடு போவது. எமிரேட்ஸில் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். அல்லது 3,000 திர்ஹமும் வீடும். கிளீனிங் வேலைக்கு யார் 4,000 திர்ஹம் தருகிறார்? ஆகவே அங்கே குடியேறுவது நம் கைகள் மட்டும்தான். வயிறும் மனசும் இங்கே கிடக்கும். தங்குவது துபாய்க் கோபுரங்களின் நிழலிலும் அல்ல. தொழிலாளர் முகாம்கள் நகரத்துக்கு வெளியே. அவற்றில் பெரிய ஒன்றுக்கு சோனாப்பூர் என்று பெயர் வழங்குகிறது. இந்தியில் அதற்குத் தங்க நகரம் என்று பொருள். எந்தத் தொழிலாளி எந்த மனநிலையில் வைத்த பெயரோ!

முகாம் வாழ்க்கை என்னவாக முடியலாம் என்பதை 2024 ஜூன் 12 காட்டியது. குவைத்தில் மங்காப் என்ற இடத்தில் தொழிலாளர்கள் நெருக்கியடித்துத் தங்கியிருந்த கட்டிடத்தின் தரைத்தளத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது. புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. தூக்கத்தில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் மூச்சுத் திணறியே மாண்டார்கள். இறந்த இந்தியர்கள் 45 பேர். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டார். விமானப்படை விமானத்தில் சடலங்கள் கொச்சிக்கு வந்தன. இரண்டு சர்க்கார்களும் நிவாரணம் அறிவித்தன. கட்டிடத்தில் எத்தனை பேரைத் தங்க வைக்கலாம், எத்தனை வழிகள் வேண்டும் என்று முன்னாலேயே கேட்டிருக்கக்கூடியவர்கள் அங்கே குடியிருந்தவர்கள்தான். கேட்க அவர்களுக்கு ஒரு ஸ்தாபனம் இல்லை.

மில் தொழிலாளிகள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் தொழிற்சாலைத் திருத்தம் நிறைவேறியது நினைவிருக்கிறதா? எல்லாச் சங்கங்களும் எழுந்தன. மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சரே அறிவித்தார். பத்தே நாள்! நம்மிடம் பணம் இல்லை, செல்வாக்கு இல்லை, ஆனால் ‘கூடாது’ என்று கூட்டாகச் சொல்லும் உரிமை இருந்தது. எமிரேட்ஸிலும் சவுதியிலும் தொழிற்சங்கம் அமைக்கச் சட்டத்தில் இடமில்லை. 2006 மார்ச்சில் துபாயில் இன்று உலகின் மிக உயரமான கட்டிடமாக நிற்கும் புர்ஜ் கலீபாவின் வேலைத்தலத்தில் சுமார் 2,500 தொழிலாளர்கள் கொதித்து எழுந்தார்கள். முகாமுக்குத் திரும்பும் பஸ் தாமதமானதில் தொடங்கி, கூலிக் கோரிக்கையில் முடிந்தது. அப்போது அங்கே தேர்ந்த தச்சருக்கே நாள் கூலி எட்டு டாலருக்கும் குறைவு. வேலைநிறுத்தம் செய்கிறவர்களுக்கு அங்கே காத்திருப்பது பேச்சுவார்த்தை மேசை அல்ல, திரும்பும் விமானம். கடனோடு வந்தவன் அந்த விமானத்துக்குப் பயப்படுகிறான். வெயிலில் நிற்கச் சொன்னால் நிற்கிறான்.

நம் சர்க்கார் நம்மைக் காப்பாற்றாதா? சில ஏற்பாடுகள் உண்டு, பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி வேண்டும் என்ற முத்திரை இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இதை ஒரு தொல்லை என்று நினைத்து, டூரிஸ்ட் விசாவில் தாண்டிவிடலாம் என்று ஏஜெண்டு யோசனை சொல்வான். அதை மட்டும் கேட்காதீர்கள். அந்த அனுமதியோடு போகிறவனின் ஒப்பந்தம் சர்க்கார் ஏட்டில் இருக்கும். டூரிஸ்டாகப் போனவன் எந்த ஏட்டிலும் இல்லை. முறையாகப் போகிறவர்களுக்கு இன்ஷூரன்ஸும் உண்டு: இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியம், விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம். இரண்டு சினிமா டிக்கெட் விலைக்கு இது கிடைக்கிறது. தமிழ்நாடு சர்க்காரே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நடத்தி வருகிறது. டீக்கடைச் சுவரில் அதன் நோட்டீஸ் மட்டும் ஏன் இல்லை என்று கேட்க வேண்டியவர்களும் நாம்தான்.

ஆனால் சர்க்காரை முழுசாக நம்பிவிடவும் முடியாது. 2020 செப்டம்பரில், கொரோனாவில் லட்சக்கணக்கானவர்கள் வேலையிழந்து திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், மத்திய சர்க்கார் வளைகுடா நாடுகளுக்குப் போகும் இந்தியத் தொழிலாளிகளுக்கான குறைந்தபட்சப் பரிந்துரைக் கூலியை 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்துச் சுற்றறிக்கை விட்டது. நம் கூலியை நம் சர்க்காரே ஏலத்தில் இறக்கிய கதை இது! தெலுங்கானாவில் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார்கள், எதிர்ப்பு கிளம்பியது. 2021 ஜூலையில் பழைய கூலியே திரும்ப வந்தது. யாரும் கேட்காமல் இருந்திருந்தால்?

பெண்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வீட்டு வேலைக்கென்று போகும் சகோதரிகளின் வேலைத்தலம் பூட்டிய வீடு. பகல் இடைவேளைச் சட்டம் அங்கே எட்டிப் பார்க்காது. பக்கத்தில் நிற்கும் தோழியும் கிடையாது. அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருக்கும் 30 வயதுக்குக் குறைந்த பெண்களை வேலைக்கு அனுப்ப விதி அனுமதிப்பதில்லை. வயதைக் கூட்டி எழுதித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால், அவன் அடுத்து எதையெல்லாம் மாற்றி எழுதுவான் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதிலைச் சொல்கிறேன். அவர் தகப்பனாரும் கூட இருந்தார்.

“தம்பி, 1,20,000க்கு வட்டிக்கு வாங்கிப் போவதானால் போகாதே. வெயிலுக்காகச் சொல்லவில்லை. வேலை கொடுப்பவனுக்கு உன்னைவிட உன் கடன்தான் நன்றாகத் தெரியும், அதற்காகச் சொல்கிறேன்” என்றேன்.

“அப்போ இங்கேயே காண்ட்ராக்டில் கிடந்து சாகச் சொல்றீங்களா?” என்றார் தகப்பனார். கோபம் நியாயமானது. என்னிடம் பதில் தயாராக இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் டீயைக் குடித்தோம்.

பிறகு நான் சொன்னது இவ்வளவுதான். ஏஜெண்டின் பதிவு நம்பரைக் கேள். மத்திய சர்க்காரின் இ-மைக்ரேட் பட்டியலில் அது இருக்கிறதா என்று சங்க ஆபீஸில் பார்த்துத் தருகிறோம். இடையில் நிற்கும் தரகனுக்கு ஒரு பைசா கொடுக்காதே. 35,400க்கு மேல் கேட்டால் ரசீது கேள். ரசீது தரமாட்டான், அதுவே உனக்குப் பதில். எந்த ஊர், எந்தக் கம்பெனி, என்ன வேலை, எத்தனை ரியால், எத்தனை மணி என்று எழுதிய ஒப்பந்தத்தைக் கையில் வாங்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதே. டிரைவர் என்று சொல்லி அழைத்துப்போய் பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்டவர்களின் கதை நம் மாவட்டங்களுக்குப் புதிதல்ல. ஆறு மாதம் தள்ளிப் போட முடியுமானால், அதற்குள் வெல்டிங்கோ வயரிங்கோ கற்றுக்கொண்டு சர்டிபிகேட்டோடு போ. போவதானால் ஐப்பசிக்கு மேல் போ. முதல் வெயிலைச் சந்திக்கும் முன் உடம்பு அந்த மண்ணைப் பழகிக்கொள்ளட்டும்.

சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் பிராவிடண்ட் பண்ட் விண்ணப்பம் எழுதித் தருகிறோம், இ.எஸ்.ஐ. கார்டுக்கு அலைகிறோம். வெளிநாட்டு ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்ல நம் ஆபீஸில் ஒரு மேசை கிடையாது. மில்லை விட்டுப் போகிறவன் நம் அங்கத்தினர் அல்ல என்று நாமும் கைகழுவிவிடுகிறோம். போகிறவன் பெயர், போகும் கம்பெனி, ஏஜெண்டு பெயர், வாங்கிய பணம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே போதும், ஊர் ஏஜெண்டுகளில் பாதிப் பேருக்குத் தூக்கம் போய்விடும். திரும்பி வந்தவர்கள் திருநகரிலும் பசுமலையிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களைவிட நல்ல வாத்தியார்கள் இதற்குக் கிடைக்க மாட்டார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளிலும் இதைச் செய்யலாம். நோட்டு ஒன்று, பேனா ஒன்று, மாலையில் ஒரு மணி நேரம்.

தம்பி ஏஜெண்டிடம் போய் ஒப்பந்தம் கேட்டிருக்கிறார். முதலில் சிரித்தானாம். அப்புறம் ஒரு காகிதத்தின் நகலை நீட்டினானாம். இங்கிலீஷிலும் அரபியிலும் எழுதியிருக்கிறது, சம்பளக் கட்டம் காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். தோஹாவில் ஒன்பது வருஷம் கம்பி கட்டிவிட்டு வந்த ஹார்விபட்டி மேஸ்திரி ஒருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவரவர் வீட்டில் இப்படிக் காகிதம் ஏதும் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.